தாத்தாவின் கண்ணும் ஒரு சலூன் நாற்காலியும்

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மாடி அறையில் சனிக்கிழமை மாலைகளில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக் கொடுக்கிறேன். ஆல்கஹால் பாடம் வந்தால் பின்வரிசையில் சிரிப்பு கிளம்பிவிடும். போன மாதமும் கிளம்பியது. காசிமேட்டிலிருந்து வரும் ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் வந்து நின்றாள்.

"எங்க தாத்தாவுக்கு வார்னிஷ் குடிச்சுதான் சார் கண்ணு போச்சு. அப்போ மதுவிலக்கு இல்லாம இருந்திருந்தா போயிருக்காதுன்னு அப்பா சொல்றாரு. டாஸ்மாக்கை மூடினாத்தான் வீடு உருப்படும்னு அம்மா சொல்றாங்க. யார் சார் கரெக்ட்?"

சட்டத்தை எடுத்தால் ஊர் கெடுமா, வைத்தால் கெடுமா என்று பட்டிமன்றம் வைக்க ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது வேதியியல். அதனால் சட்டம் அப்புறம், முதலில் கண்.

தாத்தாவுக்கு அது 1978. வயது 24. 1937-இல் சேலம் மாவட்டத்தில் ராஜாஜி தொடங்கிய மதுவிலக்கு 1948-இல் மாகாணம் முழுக்கப் பரவி, 1971-இல் விலகி, 1974-இல் முழுதாகத் திரும்பி, 1981-இல் மறுபடி போனது. அந்த ஏழு வருட இடைவெளியில் மாட்டியவர் அவர். வார்னிஷ் என்று அப்போது சொன்னது பெரும்பாலும் மரச்சாமானுக்குப் பூசும் பிரெஞ்சு பாலிஷ்: அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்தது. அந்த ஸ்பிரிட்டில் இருப்பது நம்ம எத்தனால்தான். ஆனால் யாரும் குடித்துவிடக் கூடாது என்று அதில் வேண்டுமென்றே மெத்தனால் கலந்திருப்பார்கள்.

எத்தனாலுக்கு இரண்டு கார்பன், மெத்தனாலுக்கு ஒன்று. இரண்டுக்கும் நிறமில்லை, வாசனையும் ஏறக்குறைய ஒன்றுதான், குடித்தால் போதையும் வரும். நாக்கால் பிரித்துச் சொல்ல முடியாது. இதுவரை பாடப் புத்தகம். இனிமேல்தான் எனக்குப் பிடித்த இடம்.

மெத்தனால் அப்படி ஒன்றும் கொடிய விஷமில்லை. உடம்புக்குள் போய் அது அதுவாகவே இருந்துவிட்டால் ஒரு மட்டமான போதையோடு முடிந்துவிடும். அதை விஷமாக்குவது நம் கல்லீரல். அங்கே ஆல்கஹால் டீஹைட்ரஜனேஸ் என்று ஒரு நொதி. அதை ஒரே ஒரு நாற்காலி உள்ள சலூன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனால் வந்து உட்கார்ந்தால் அசிட்டால்டிஹைடாக மாறி எழுந்து போகும், அடுத்த படியில் வினிகரில் இருக்கிற அதே அசிட்டிக் அமிலம் ஆகிவிடும். உடம்பு அதை எரித்துவிடும். மெத்தனால் வந்து உட்கார்ந்தால்? அதே கத்தி, அதே சீப்பு. வெளியே வருவது ஃபார்மால்டிஹைடு. ஆய்வுக்கூடத்து ஜாடியில் தவளையைப் போட்டு வைத்திருப்பார்களே, அந்தத் திரவத்தின் சரக்கு. அது ஓரிரு நிமிடம்கூட நிற்காமல் ஃபார்மிக் அமிலமாகிவிடும். எறும்பு கடித்தால் எரிகிற அமிலம்.

எறும்பு கொடுக்கிற அளவை உடம்பு தாங்கும். ஃபோலிக் அமிலத்தின் துணையோடு அதைக் கரியமில வாயுவாக்கி வெளியே அனுப்பும் ஒரு வழி நமக்கு உண்டு. ஆனால் அது முட்டுச்சந்து மாதிரி குறுகல். எலிக்கு அந்த வழி அகலம். எலிக்கு மெத்தனால் கொடுத்தால் கண் போகாது. குரங்குக்கும் மனிதனுக்கும்தான் போகும். எலியை மட்டும் வைத்துச் சோதித்திருந்தால் இது பெரிய ஆபத்தில்லாத பொருள் என்றே எழுதி வைத்திருப்போம்.

சேர்ந்துவிட்ட ஃபார்மிக் அமிலம் செல்லுக்குள் போய், அதன் சக்திக்கூடமான மைட்டோகாண்ட்ரியாவின் கடைசிப் படியில் உட்கார்ந்துகொள்ளும். நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜன் கடைசியில் போய்ச் சேரும் இடம் அது. சயனைடு போய் அடைப்பதும் இதே இடத்தைத்தான், இது அதைவிட மெதுவாக அடைக்கிறது. நுரையீரல் வேலை செய்யும், ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கும், செல்லால் மட்டும் அதை எடுத்துக்கொள்ள முடியாது. வாசலில் தண்ணீர் லாரி நிற்க வீட்டுக்குள் குடம் காலி. மூச்சு தடுமாறும் செல்கள் லாக்டிக் அமிலத்தைக் கொட்டுகின்றன. ரத்தம் புளிக்கிறது. புளிக்கப் புளிக்க ஃபார்மிக் அமிலம் செல்லுக்குள் நுழைவது இன்னும் சுலபமாகிறது. தன்னையே வளர்த்துக்கொள்ளும் சுழல் இது.

முதலில் அடி வாங்குவது சக்தியை அதிகம் தின்னும் இடங்கள். விழித்திரையிலிருந்து மூளைக்குப் போகும் பார்வை நரம்பில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள். அவை வீங்கும், பிறகு செத்துப்போகும். குளிர்நாட்டு மருத்துவர்கள் இதைப் பனிப்புயலுக்குள் நடப்பது போன்ற பார்வை என்று எழுதுகிறார்கள். காசிமேட்டுத் தாத்தா பேத்தியிடம் சொன்னது வேறு: "ஐஸ் ஃபேக்டரில கதவைத் திறந்தா ஒரு புகை வரும் பாரு, அது உள்ள நின்னுக்கினு இருக்கற மாதிரி."

குடித்த ராத்திரி அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. காலையில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமான தலைவலி, வாந்தி. மெத்தனாலின் சூழ்ச்சியே இந்த இடைவெளிதான். அமிலம் சேர 12 மணி நேரம், சில சமயம் ஒரு நாள் பிடிக்கும். சாயங்காலம்தான் புகை வந்தது. ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவதற்குள் அது அடர்த்தியாகிவிட்டது. இப்போதும் அந்தக் கண்ணோடு கிழிந்த வலையைத் தடவித் தடவியே தைத்துவிடுவாராம்.

சரி, முறிவு மருந்து என்ன? இங்கேதான் ஒவ்வொரு வருடமும் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். முறிவு மருந்து: எத்தனால்.

சலூனில் நாற்காலி ஒன்றுதானே. மெத்தனாலைவிட எத்தனாலை அந்த நொதி பத்து, இருபது மடங்கு இறுக்கமாகப் பிடிக்கும். பழைய வாடிக்கையாளர் வந்துவிட்டால் புதிதாக வந்தவர் பெஞ்சில் பேப்பர் படிக்க வேண்டியதுதான். ரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் அளவுக்கு எத்தனாலைத் தொடர்ந்து நிறுத்தி வைத்தால் மெத்தனாலுக்கு நாற்காலியே கிடைக்காது. அமிலம் உண்டாகாது. பெஞ்சில் காத்திருந்து அலுத்துப்போன மெத்தனால் மூச்சிலும் சிறுநீரிலும் மெல்ல வெளியேறும், டயாலிசிஸ் செய்தால் வேகமாக. கூடவே புளிப்பை அடக்கச் சோடியம் பைகார்பனேட், முட்டுச்சந்தை அகலமாக்க ஃபோலிக் அமில வகை மருந்து. 2018 டிசம்பரில் வியட்நாமின் குவாங் ட்ரி மாகாணத்தில் மெத்தனால் குடித்து நினைவிழந்த ஒருவருக்கு மருத்துவர்கள் 15 கேன் பியரை உள்ளே செலுத்திக் காப்பாற்றினார்கள். சாராய விஷத்துக்குச் சாராயமே மருந்து என்று நம் பெரிசுகள் சொன்னால் உளறல் என்போம், இந்த ஒரு விஷயத்தில் அது உளறல் இல்லை. அதற்காக யாரும் வீட்டில் குவாட்டரோடு வைத்தியம் பார்க்கக் கிளம்ப வேண்டாம். அளவு தவறினால் மருந்தே ஆளை முடித்துவிடும், டயாலிசிஸ் இல்லாமல் பாதி வைத்தியம்தான்.

போதையில்லாமல் நாற்காலியைப் பூட்டும் மருந்தும் உண்டு, ஃபோமிபிசோல் என்று பெயர். விலை அதிகம், அவசரத்துக்குக் கையில் கிடைப்பது அரிது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 65 பேருக்கு மேல் செத்தபோது இந்தப் பெயரும் வயிற்றுப்புண்ணுக்குக் கொடுக்கும் ஓமிபிரசோலும் குழம்பி அரசியல் சண்டையே நடந்தது. இறந்தவர் குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் என்று அறிவித்தார்கள். கொடுக்க வேண்டியதுதான். 65 பேர் என்றாலே ஆறரைக் கோடி. அதில் ஒரு பங்கை முன்பே ஏதாவது ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்துக்குக் கொடுத்து, ஒரு துளி ரத்தத்தில் ஃபார்மிக் அமிலம் இருக்கிறதா என்று காட்டும் மலிவான சோதனைப் பட்டை ஒன்றைச் செய்யச் சொல்லியிருக்கலாம். அந்தப் பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் யாரை முதலில் டயாலிசிஸில் போடுவது என்று தெரிந்திருக்கும். நம் ஊரில் நிவாரணத்துக்குத் தலைப்பு உண்டு, ஆராய்ச்சிக்கு இல்லை.

இப்போது அப்பாவும் அம்மாவும்.

சாராயம் எப்படி விஷமாகிறது என்று கேட்டால் பாதிப் பேர் இன்னும் "பதம் தவறிடுச்சு" என்பார்கள். ஊறல் பானையில் பல்லி விழுந்தது என்பார்கள். பல்லிக்கு விஷமே கிடையாது. வெல்லத்தையும் வேலம்பட்டையையும் ஊறப்போட்டுக் காய்ச்சினால் வருவது எத்தனால். பழத்தோலில் உள்ள பெக்டினிலிருந்து துளி மெத்தனால் வரும், வெல்லத்தில் அதற்கும் வழியில்லை. ஆளைக் கொல்லும் அளவு மெத்தனால் ஊறலில் பிறப்பதில்லை, யாரோ ஊற்றுகிறார்கள். 2023 மே மாதம் மரக்காணம் பக்கம் சாவுகள் நடந்தபோது, அது காய்ச்சிய சாராயமே இல்லை, தொழிற்சாலைக்கான மெத்தனால் என்று காவல்துறைத் தலைவரே சொன்னார். பெயின்ட், தின்னர், பிளைவுட் பசை என்று மெத்தனால் இல்லாமல் தொழில் கிடையாது. தொழிற்சாலை உள்ள ஊரிலெல்லாம் அது டேங்கரில் போகும், குடிக்கிற சரக்குக்குப் போடும் வரி இதற்குக் கிடையாது.

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. தொழிற்சாலை ஸ்பிரிட்டைத் திருடிக் குடிக்கிறார்கள் என்று 1926-27 வாக்கில் அரசாங்கமே அதில் மெத்தனாலைக் கூட்டச் சொன்னது. தெரிந்தே விஷம் வைக்கிறீர்கள் என்று நியூயார்க்கின் தலைமை மருத்துவ ஆய்வாளர் சார்லஸ் நாரிஸ் வெளிப்படையாகத் திட்டினார். தாத்தா குடித்த வார்னிஷின் பின்னாலும் இதே யோசனைதான். இந்த அளவில் அப்பா சொல்வது சரி. தடை வந்தால் குடி குறையும், ஆனால் மிச்சக் குடியின் வேதியியல் மாறிவிடும்.

மாறுவது ஒரே திசையில். கடத்துகிறவன் கணக்கைப் பாருங்கள். கள்ளில் எத்தனால் சுமார் ஐந்து சதவீதம், மிச்சமெல்லாம் தண்ணீர். போலீசுக்குப் பயந்து தண்ணீரையா சுமப்பான்? சின்னப் பையில் பெரிய போதை எதுவோ அதைத்தான் சுமப்பான். 1986-இல் ரிச்சர்ட் கோவன் என்ற அமெரிக்கர் இதற்கு இரும்பு விதி என்று பெயர் வைத்தார். அங்கே ஹெராயின் போய், அதைவிடச் சுமார் 50 மடங்கு வீரியமான ஃபென்டனில் வந்தது இந்த விதிப்படிதான். இங்கே வியாசர்பாடி, புளியந்தோப்பு டீக்கடைகளில் இப்போது அடிபடும் பேச்சும் சரக்கைப் பற்றி இல்லை, வலி மாத்திரையைப் பற்றி. ஒரு அட்டை சட்டைப்பையில் அடங்கிவிடும்.

ஆனால் அம்மாவை ஓரம் தள்ள முடியாது. அதே அமெரிக்காவில் 1911-இல் ஆண்களில் லட்சத்துக்கு 29.5 பேர் கல்லீரல் சுருங்கிச் செத்தார்கள், 1929-இல் 10.7. அதில் ஒரு பங்கு மதுவிலக்குக்கு முன்பே தொடங்கிய சரிவு என்றாலும், சட்டத்துக்குப் பலனே இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மெத்தனால் ஒரே ராத்திரியில் செய்வதை எத்தனால் இருபது வருடத்தில் செய்கிறது. அதற்குத் தொலைக்காட்சியில் செய்தி வராது. ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் அரசுக்குக் கொண்டுவரும் கடையை மூடச் சொல்வது அம்மாவைப் போன்றவர்களுக்கு மட்டுமே சுலபம். கள்ளக்குறிச்சியில் நடந்தது மதுவிலக்கும் அல்ல. டாஸ்மாக் திறந்திருந்த ஊர் அது. குவாட்டர் வாங்கக் காசில்லாத கூலிக்காரர்கள் பாக்கெட் சாராயத்துக்குப் போனார்கள். சட்டம் அனுமதித்தாலும் விலை தடுத்தால் அதுவும் ஒரு மதுவிலக்குதான்.

என்னைக் கேட்டால், 1987-இலிருந்து நீடிக்கும் கள் தடையை எடுக்கலாம். ஐந்து சதவீதத்தைப் பூட்டி வைத்து நாற்பது சதவீதத்தை அரசே விற்பதில் என்ன தர்க்கம் இருக்கிறது என்று எனக்கு விளங்கியதில்லை. ஹெராயினைக் கடையில் வைக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் மாத்திரையோடு பிடிபட்ட பதினெட்டு வயதுப் பையனைச் சிறைக்கு அனுப்பாமல் மருத்துவரிடம் அனுப்பலாம். போர்ச்சுகல் 2001 முதல் அப்படித்தான் செய்கிறது: விற்பது இன்னும் குற்றம், சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பவர் ஒரு குழுவின் முன் போய் உட்கார வேண்டும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2021-இல் தண்டனையை மட்டும் எடுத்தது, மருத்துவமனைப் படுக்கைகள் வந்து சேரவில்லை. 2024-இல் தண்டனையைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள்.

இதையெல்லாம் அடுத்த சனிக்கிழமை அவளிடம் சொன்னேன். சட்டப் பகுதியை அவள் அவ்வளவாகக் கவனித்த மாதிரி தெரியவில்லை. சலூன் நாற்காலியிலேயே நின்றுவிட்டாள்.

"அன்னைக்கு ராத்திரி தாத்தாவோட அவர் கூட்டாளியும் அதே வார்னிஷைத்தான் குடிச்சார் சார். அவருக்குக் கண்ணு நல்லாத் தெரியுது. ஆத்தா காப்பாத்திட்டான்னு இன்னமும் வருஷா வருஷம் கூழ் ஊத்துறார்."

மறுநாள் அவர் என்ன செய்தார் என்று கேட்டேன். அன்று பகலில் ஒரு கல்யாண வீடாம். யாரோ பட்டாளத்துக்காரர் கொண்டுவந்த மிலிட்டரி ரம்மைக் காலையிலிருந்தே ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

நாற்பத்தைந்து வருடத்துக்கு மேல் கழித்து ரத்தப் பரிசோதனை செய்ய முடியாது. அவர் குறைவாகவும் குடித்திருக்கலாம். ஆனால் கணக்கு இடிக்கவில்லை என்றேன்.

"அப்போ தாத்தாவும் அந்த ரம்மைக் குடிச்சிருந்தா?"

"கண் தப்பியிருக்கலாம்மா."

கொஞ்ச நேரம் நோட்டைப் புரட்டிக்கொண்டு நின்றாள். "கூப்பிட்டாங்களாம் சார். இவர்தான் போகலையாம். இனிமே ஒரு சொட்டு தொடமாட்டேன்னு காலையிலதான் ஆத்தா மேல சத்தியம் பண்ணாராம்."