டோப்பிங்: ‘மாசூட்டல்’ எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது

டோப்பிங் என்ற சொல்லைப் பேப்பரின் கடைசிப் பக்கத்தில் பார்த்தால் ஊக்கமருந்து. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தில் பார்த்தால் மாசூட்டல். இங்கே கடலூரிலிருந்து அரை மணி நேரம் வடக்கே போய், புதுச்சேரியில் பிரெஞ்சு படித்த யாரையாவது கேட்டால், இரண்டுக்குமே ‘தோப்பாஜ்’ என்ற ஒரே சொல்தான் என்பார்கள். மூலச்சொல் டச்சு மொழியில் இருக்கிறது. ‘டோப்’ என்றால் தொட்டுக்கொள்ளும் குழம்பு. அதன் வினை ‘தோய்த்தல்’. அது ஆங்கிலத்துக்குப் போய்க் கெட்டியான திரவம், புகைக்கும் அபின், போதைப்பொருள், எதிலாவது கலந்துவிடும் சரக்கு என்று கிளைவிட்டு, கடைசியில் மின்னணுவியலுக்கு வந்து சேர்ந்தது.

சிலிக்கானில் பல லட்சம் அணுக்களுக்கு ஒன்று என்ற அளவில் பாஸ்பரஸையோ போரானையோ சேர்ப்பார்கள். அது வேற்றுப்பொருள், அளவும் துளி, அதனால் ‘மாசு’ என்றதில் தவறில்லை. ஆனால் அதே சொல்லைத் தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் தாமிர ஆக்சைடு மீக்கடத்திகளுக்கு, அதாவது கியூப்ரேட்டுகளுக்கு, அப்படியே தூக்கிவைக்கும்போதுதான் படிக்கிற பிள்ளைகள் வழிதவறுகிறார்கள். அழுக்கு சேர்ந்தால் மின்சாரம் தடையே இல்லாமல் எப்படி ஓடும் என்று கேட்கிறார்கள், நியாயமான கேள்வி.

1986-இல் ஜூரிக் அருகே ஐபிஎம் ஆய்வகத்தில் பெட்னோர்ஸும் முல்லரும் கண்டுபிடித்த மீக்கடத்தியின் தாய்ச்சேர்மம், அதாவது எதுவும் சேர்க்காத அடிப்படைச் சேர்மம், லாந்தனம் தாமிர ஆக்சைடு. எலக்ட்ரான் கணக்குப்படி அது உலோகமாக இருக்க வேண்டும்; இருப்பதோ மின்கடத்தாப் பொருளாக. அதன் தாமிர–ஆக்சிஜன் தளத்தில் மின்கடத்தலுக்கு உதவக்கூடிய எலக்ட்ரான் தாமிர அணுவுக்கு ஒன்று இருக்கிறது, ஆனால் ஒரே இடத்தில் இரண்டு சேர்ந்தால் விலக்குவிசை மிகக் கடுமை என்பதால் எதுவும் நகர்வதில்லை. ஒரு சீட்டுக்கு ஒருவர் என்று நிரம்பிவிட்ட பஸ் மாதிரி: ஒருவர் இறங்கினால்தான் மற்றவர் இடம் மாற முடியும், அப்போது காலி சீட்டே நகர்வது போலத் தெரியும். அந்தக் காலி இடத்துக்குப் பெயர் துளை. இந்த வகைக் கடத்தாப் பொருளை, நெவில் மாட் என்ற இயற்பியலாளரின் பெயரால், மாட் கடத்தாப்பொருள் என்கிறார்கள்.

துளையை எப்படி உண்டாக்குவது? மூன்று எலக்ட்ரான் தரும் லாந்தனத்தில் சிலவற்றை எடுத்துவிட்டு, இரண்டே தரும் ஸ்ட்ரான்ஷியத்தை வைக்கிறார்கள். அது உட்காருவது பக்கத்து அடுக்கில். தாமிரத் தளத்தில் வேற்று அணு நுழைவதே இல்லை, அங்கே எலக்ட்ரான்தான் குறைகிறது. தாமிர அணு நூற்றுக்கு இரண்டு துளை வந்ததும் அண்டை எலக்ட்ரான்களின் சுழற்சிகள் (‘ஸ்பின்’, எலக்ட்ரானைக் குட்டிக் காந்தமாக்கும் பண்பு) மாறிமாறி எதிர்த்திசையில் நிற்கும் காந்த ஒழுங்கு குலைகிறது, ஐந்து வாக்கில் மீக்கடத்தல் தொடங்குகிறது, பதினாறில் உச்சம், இருபத்தேழு வாக்கில் மறைகிறது. 93 கெல்வினில் மீக்கடத்தியாகும் இட்ரியம் பேரியம் தாமிர ஆக்சைடில் இன்னும் தெளிவு: அங்கே கூடுதலாகச் சேர்ப்பது ஆக்சிஜனைத்தான். அந்தப் பொருளின் சொந்த ஆக்சிஜனை மாசு என்று எப்படிச் சொல்வது?

கோட்பாட்டுச் சண்டையும் இந்தத் துளைகளைச் சுற்றித்தான். 1987-இல் இயற்பியலாளர் பிலிப் ஆண்டர்சன் சொன்னது, எதிரெதிர்ச் சுழற்சி கொண்ட அண்டை எலக்ட்ரான்கள் தாய்ச்சேர்மத்திலேயே இணை சேர்ந்து, ஜோடி மாற்றி மாற்றி ஒத்ததிர்ந்துகொண்டிருக்கின்றன, துளைகள் வந்ததும் அந்த இணைகளுக்கு ஓட வழி கிடைக்கிறது என்று. அதை அதே ஆண்டில் கணிதமாக வளர்த்தவர்களில் ஒருவர், சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் ஜி. பாஸ்கரன், நம் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டும். இன்னொரு தரப்பு, காந்த ஒழுங்கு குலைந்த பிறகும் மிஞ்சும் சுழற்சி ஏற்ற இறக்கங்களே எலக்ட்ரான்களைப் பிணைக்கும் பசை என்கிறது. இன்றுவரை முடிவான ஒப்புதல் இல்லை. துளை குறைவான பக்கத்தில், மீக்கடத்தல் வருமுன்பே எலக்ட்ரான்களின் ஆற்றல் நிலைகளில் தெரியும் அரைகுறைப் பள்ளமான போலி ஆற்றல் இடைவெளி, உச்ச அளவுத் துளைகள் இருக்கையில் மீக்கடத்தல் நிற்கும் வெப்பநிலைக்கு மேலே, வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் மின்தடை ஏறும் விசித்திர உலோக நிலை, இரண்டையும் எல்லோருக்கும் திருப்தியாக விளக்கியவர் யாரும் இல்லை.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? மூலச்சொல்லின் அர்த்தத்துக்கு நேராக ‘தோய்த்தல்’ என்று வைத்தால், சாயத்தில் தோய்த்து ஆப்பிரிக்காவுக்கு ஏற்றுமதியான புதுச்சேரி நீலத்துணிதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. அழகான சொல், ஆனால் எலக்ட்ரான் கணக்கு அதில் இல்லை. என் தேர்வு ‘துளையேற்றம்’. நியோடிமியம் தாமிர ஆக்சைடில் சீரியம் சேர்த்து எலக்ட்ரானைக் கூட்டும் வகையும் உண்டு, அதற்கு ‘எலக்ட்ரான் ஏற்றம்’. இரண்டுக்கும் பொதுவாக வேண்டுமென்றால் வெறும் ‘ஏற்றம்’, ‘ஏற்ற அளவு’ போதும். ‘மாசூட்டல்’ சிலிக்கானோடு இருக்கட்டும்.