சத்தத்தைக் குறைத்தாலும் குறையாத கனம்

ராக் இசையின் மிகக் கனத்த வகையான ஹெவி மெட்டலில் ஆல்பம் ஒன்றை ஒலிக்கவிட்டு, அருகில் உறங்குபவர் விழித்துக்கொள்ளாத அளவுக்குச் சத்தத்தைக் குறைத்துப் பாருங்கள். கிட்டாரின் கனம் அப்போதும் அப்படியே இருக்கும். தொண்டை கிழியக் கத்தும் ஒருவரின் குரலைப் பதிவுசெய்து மிக மெதுவாகக் கேட்டாலும் அது கத்தல்தான் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. இதுவும் அதைப் போன்றதே. காது உரப்பை அளப்பதோடு நிற்பதில்லை. அந்த ஒலி எவ்வளவு முட்டி மோதிப் பிறந்தது என்பதையும் அதன் இழைகளிலிருந்து படித்துவிடுகிறது. ஸ்டுடியோவில் மெட்டல் குழுவொன்று மாதக்கணக்கில் உழைப்பது பெரும்பாலும் இந்த இழைகளுக்காகத்தான்.

கிட்டாரின் மிகத் தடித்த கம்பி, வழக்கமான சுருதியில், நொடிக்கு ஏறத்தாழ 82 முறை, அதாவது 82 ஹெர்ட்ஸில், அதிர்கிறது. அந்த அதிர்விலிருந்து கிடைக்கும் மின் அலையை ஆம்ப்ளிஃபையர் தாங்கக்கூடிய அளவுக்கு மேல் உள்ளே செலுத்தினால் அலையின் உச்சிகள் மழுங்கிப்போகும். உச்சி மழுங்கிய அலையில் மூல அதிர்வெண்ணின் 2, 3, 4, 5 மடங்கு அதிர்வெண்களும் வலுவாக எழுகின்றன. டிஸ்டார்ஷன் என்பது இதுதான். கம்பியின் அதிர்வு தேயத் தேய, உச்சிகள் தொடர்ந்து வெட்டுப்படுவதால், ஒலியின் அளவு மட்டும் நெடுநேரம் இறங்காமல் நிற்கும். மீட்டிய கணமே அடங்கத் தொடங்கும் ஒரு கருவிக்கு மூச்சு நீண்டுவிடுகிறது.

இரண்டு சுரங்களைச் சேர்த்து மீட்டும்போது நடப்பது இன்னும் வியப்பானது. மெட்டல் கிட்டாரின் அடிப்படைப் பிடி ‘பவர் கார்ட்’. ஷட்ஜமமும் பஞ்சமமும் மட்டுமே அதில் உண்டு. 82 ஹெர்ட்ஸ் சுரத்தோடு 123 ஹெர்ட்ஸ் சுரம் டிஸ்டார்ஷனுக்குள் நுழைந்தால், இரண்டின் கூட்டலும் கழித்தலும் புதிய அதிர்வெண்களாக வெளிவரும். கழித்தால் 41. எந்தக் கம்பியும் மீட்டாத, ஒரு ஸ்தாயி கீழே இருக்கும் சுரம் அது! தாழ்ந்த சுரங்களுக்கான பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த கம்பி நிற்கும் இடமும் அதுவே. பஞ்சமம் 3:2 என்ற விகிதத்துக்கு மிக நெருக்கமாக இருப்பதால் கூட்டலும் கழித்தலும் இப்படிச் சுத்தமாகப் பொருந்துகின்றன. அந்தர காந்தாரத்தின் இயல்பான விகிதம் 5:4. சுரங்களைச் சம இடைவெளிகளாகப் பிரிக்கும் கிட்டார் மெட்டுகளில் (ஃபிரெட்) அது இந்த விகிதத்திலிருந்து கொஞ்சம் விலகியே நிற்கிறது. அதையும் சேர்த்துப் பிடித்தால் பிறக்கும் சுரங்கள் ஒன்றோடொன்று உரசிக் கலங்கிப்போகும். மெட்டல் கலைஞர்கள் கற்பனை வறட்சியால் ஒரே பிடியைப் பிடிக்கிறார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. அந்தப் பிடியைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததே இயற்பியல்தான்.

ஹெவி மெட்டலின் முன்னோடியான பிளாக் சப்பாத் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி 17 வயதில் ஒரு தகரத் தொழிற்சாலை விபத்தில் வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். அவர் இடக்கைக் கலைஞர். கம்பிகளை அழுத்தும் கையே வலக்கைதான். பிளாஸ்டிக்கை உருக்கி விரல்களுக்கு உறை செய்துகொண்டு, மெல்லிய கம்பிகளைப் பூட்டி வாசித்தார். பிறகு கம்பிகளைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார். 1971இல் வெளிவந்த குழுவின் மூன்றாவது ஆல்பத்தின் சில பாடல்களில் தடித்த கம்பி ஏறத்தாழ 69 ஹெர்ட்ஸுக்கு இறங்கியிருந்தது. விரல்களுக்கு இதமாக இருக்கச் செய்த மாற்றம் ஒரு முழு இசைவகைக்கே ஒலி அடையாளம் ஆயிற்று.

ஆம்ப்ளிஃபையரிலிருந்து வரும் ஒலியை அப்படியே பதிவுசெய்தால் தேனீக் கூட்டம்போல இரையும். கிட்டாருக்கான 12 அங்குல ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளவற்றைப் பெருமளவு விழுங்கிவிடுவதால்தான் காதுக்கு அது இதமாகிறது. அதன் முன் வைக்கும் மைக்கை இரண்டு சென்டிமீட்டர் நகர்த்தினாலே ஒலியின் குணம் மாறிவிடும்.

இனி, ஒரு கிட்டார் எப்படிச் சுவராக எழுகிறது? ஒரே பகுதியை இரண்டு முறை வாசித்து, ஒரு பதிவை இடப்புறமும் மற்றொன்றை வலப்புறமும் வைக்கிறார்கள். ஒரே பதிவை நகலெடுத்து இரு பக்கமும் வைத்தால் பயன் இல்லை. இரு காதுகளுக்கும் ஒன்றே வருவதால் மூளை அதை நடுவில் ஒரு புள்ளியாகக் குறுக்கிவிடும். மனிதர் இரண்டாம் முறை வாசிக்கும்போது சில மில்லி நொடிகள் முந்தும், பிந்தும். விரலின் அழுத்தமும் இம்மியளவு மாறும். அந்தச் சிறு வேறுபாட்டில்தான் அகலம் பிறக்கிறது. வேறுபாடு அதிகமானால் சுவர் இடிந்து குழப்பமாகிவிடும் என்பதால், ஒரே வரியை அலுக்காமல் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்க மெட்டல் குழுவான மெட்டாலிக்கா 1985இல் கோபன்ஹேகனின் ஸ்வீட் சைலன்ஸ் ஸ்டுடியோவில், தயாரிப்பாளர் ஃபிளெமிங் ராஸ்முசனுடன் தன் மூன்றாவது ஆல்பத்துக்காக மாதக்கணக்கில் உழைத்தபோது, குழுவின் பாடகரும் கிட்டார் கலைஞருமான ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் தன் கிட்டார் பகுதிகளை இப்படித்தான் அடுக்கினார்.

அடுக்கும்போது ஒவ்வொரு பதிவிலும் டிஸ்டார்ஷனைக் குறைக்க வேண்டும். புதிதாகப் பதிவுசெய்பவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். கனம் வேண்டும் என்று எல்லாவற்றிலும் உச்சத்துக்கு ஏற்றினால், கம்பியை மீட்டும் கணத்தின் கூர்மை மழுங்கி, அடுக்கிய பதிவுகள் எல்லாம் சேர்ந்து வெறும் இரைச்சலாகும். உள்ளங்கையின் விளிம்பால் கம்பியை அடக்கி வாசிக்கும் முறையில் ஒவ்வோர் அடிக்கும் நடுவே சிறு மௌனம் இருக்கிறது. அந்த மௌனம் சுத்தமாக இருந்தால்தான் அடுத்த அடி விழுவது உறைக்கும்.

டிரம்ஸில் சிக்கல் காலம் சார்ந்தது. நிமிடத்துக்கு 200 தாளம் என்ற வேகத்தில், ஒரு தாளத்துக்கு நான்கு அடி வீதம் இரு கால்களும் பெரிய டிரம்மை அடித்தால், அடிகளுக்கு இடையே இருப்பது 75 மில்லி நொடி. 60 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரே ஓர் அலைக்குக் கிட்டத்தட்ட 17 மில்லி நொடி ஆகும். நான்கைந்து அலைகள் எழுவதற்குள் அடுத்த அடி வந்துவிடுகிறது. டிரம் தன் இயல்பில் நீண்டு முழங்கினால் எல்லாம் ஒரே உறுமலாகிவிடும். அதனால் உள்ளே தலையணையோ போர்வையோ திணித்து முழக்கத்தை அடக்குவார்கள். அடி விழும் இடத்தில் கெட்டியான பிளாஸ்டிக் வில்லை ஒட்டுவோரும் உண்டு. அதில் கிடைக்கும் ‘டிக்’ என்ற கூர்மையான ஒலி சில ஆயிரம் ஹெர்ட்ஸ் பகுதியில் இருக்கிறது. கால்களின் வேகத்தை நமக்குக் காட்டுவது அந்த ‘டிக்’தான், கீழேயுள்ள அதிர்வு எடையை மட்டும் தருகிறது.

பேஸ் கிட்டாரின் நிலை பரிதாபமானது. அருகருகே உள்ள அதிர்வெண்களில் வலுத்தது மெலிந்ததை மறைத்துவிடும். அடுக்கிய கிட்டார்களின் கீழ்ப்பகுதி பேஸின் மேல் அப்படியே படர்கிறது. 1988இல் வந்த மெட்டாலிக்காவின் நான்காவது ஆல்பத்தில், பதிவுகளைக் கலக்கும் மிக்ஸிங்கில் அளவைத் தாழ்த்தியதால் ஜேசன் நியூஸ்டெட்டின் பேஸ் ஏறக்குறைய கேட்காமலே போனது. வழக்கமான வழி, கிட்டாரின் தாழ்ந்த பகுதியை வெட்டி பேஸுக்கு இடம் விடுவது. தனியாகக் கேட்டால் அந்தக் கிட்டார் மெலிந்து தெரியும். சேர்ந்து ஒலிக்கும்போது பேஸின் எடையைக் கிட்டாருடையது என்றே காது எடுத்துக்கொள்கிறது. பேஸிலும் சிறிது டிஸ்டார்ஷன் சேர்த்தால் 41 ஹெர்ட்ஸின் மடங்குகள் எழும். அடிச்சுரத்தை ஒலிக்க முடியாத சிறிய ஸ்பீக்கரில்கூட மூளை அந்த மடங்குகளைக் கொண்டு அடிச்சுரத்தை ஊகித்துவிடும்.

கடைசிக் கட்டம், கலந்து முடித்த பாடல்களை வெளியீட்டுக்குத் தயார்செய்யும் மாஸ்டரிங். குறுந்தகட்டின் 16 பிட் பதிவில் உச்சிக்கும் அடிக்கும் இடையே சுமார் 96 டெசிபெல் இடம் இருக்கிறது. அதை விட்டுவிட்டு, எல்லா ஒலியையும் கூரையில் முட்டும்படி நெருக்கும் வழக்கம் 1990களில் வலுத்தது. 2008இல் வந்த மெட்டாலிக்கா ஆல்பம் அவ்வாறு நசுக்கப்பட்டது என்று ரசிகர்களே குறைபட்டார்கள். அதே பாடல்கள் ஒரு வீடியோ கேமில் குறைவான நெருக்கத்தோடு வந்திருந்ததால் ஒப்பிட்டுப் பார்ப்பதும் எளிதாயிற்று. அந்தக் குறை நியாயமானது என்றே நினைக்கிறேன். இன்று ஸ்பாட்டிஃபை போன்ற சேவைகள் எல்லாப் பாடல்களையும் ஏறக்குறைய ஒரே உரப்புக்குக் கொண்டுவந்துவிடுகின்றன. நெருக்கிய பதிவுக்கு அங்கே உரப்பில் லாபம் இல்லை. டிரம் அடிகள் தட்டையாகிப்போன நஷ்டம் மட்டும் தங்கிவிடுகிறது.

பிளாக் சப்பாத்தின் முதல் ஆல்பம் 1969 அக்டோபரில் லண்டனில் ஒரே நாளில் பதிவானது. அடுக்கடுக்கான கிட்டார் சுவருக்கு அங்கே நேரமே இல்லை. முதலில் மழை பெய்கிறது, தொலைவில் ஒரு மணி அடிக்கிறது, இடி உருள்கிறது. காது அந்தத் தாழ்ந்த அளவுக்குப் பழகி, இன்னும் என்ன வரப்போகிறது என்று கூர்ந்திருக்கும்போது, மூன்று சுரங்கள் மெதுவாக, பெரும் எடையோடு இறங்குகின்றன.