சிப்புட் என்றால் சிப்பியா?

எங்கள் ஊர் மலேசியாவின் சுங்கை சிப்புட். ஈப்போவுக்கு வடக்கே, ரப்பர்த் தோட்டங்களை நம்பி வளர்ந்த ஊர். 1948-இல் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை எதிர்த்து மலாயாவில் அவசரகாலம் தொடங்கியபோது வரலாற்றில் இடம்பிடித்த ஊர். சுங்கை என்றால் மலாயில் ஆறு. ஆனால் முழுப் பெயருக்குப் பொருள் கேட்டால் இங்கே பலர் 'சிப்பி ஆறு' என்பார்கள். நம் சிப்பிதான் மலாய்க்குப் போய் சிப்புட் ஆனது என்றும் சேர்த்துச் சொல்வார்கள்.

அப்படித் தோன்றுவது இயல்புதான். நம் கடை அங்கே கெடாய் ஆனது, மூலதனம் என்ற பொருளில் வரும் நம் முதல் அங்கே மோடல் ஆனது. ஆனால் சிப்புட்டை அந்தக் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை. மலாய்க்காரரிடம் சிப்புட் என்றால் அவர் மனத்தில் முதலில் வருவது நத்தை. மழை விட்டதும் தோட்டத்துக் கீரைப்பாத்தியை மொட்டையடிக்கும் பெரிய நத்தை சிப்புட் பாபி. தேங்காய்ப்பாலில் சமைத்து, வாலை நறுக்கிய ஓட்டிலிருந்து உறிஞ்சித் தின்பது சிப்புட் செடுட். செடுட் என்றால் உறிஞ்சு. பெண்கள் சுருட்டிப் போடும் கொண்டைக்குக்கூட சங்கோல் சிப்புட் என்று பெயர். சிப்பி எங்கே சுருண்டிருக்கிறது? அது இரண்டு மூடி போட்ட பெட்டி மாதிரி.

சிப்பி என்ற சொல்லுக்குத் தனி வழி உண்டு. பழந்தமிழில் அது இப்பி. தெலுங்கில் சிப்ப, இந்தியில் சீப்பி.

இந்த வேறுபாட்டைத் தமிழ் வெகுகாலம் முன்பே கண்டிருக்கிறது. 'நந்தும் முரளும் ஈரறிவினவே' என்கிறது தொல்காப்பிய மரபியல். தொடு உணர்வும் சுவை உணர்வும் மட்டும் உள்ளவை என்று பொருள். நந்து என்பது சங்கும் நத்தையும். முரள் என்றால் இப்பி, கிளிஞ்சல் போன்றவை என்பது உரை. ஒரே நூற்பாவில் இரண்டு பெயர்! படிக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். மலாயின் சிப்புட் நந்துவில் தொடங்கினாலும் முரளையும் தனக்குள் இழுத்துக்கொண்டது. குழப்பம் வருவது அங்கேதான்.

ஏனென்றால் சிப்புட் சுடு என்று ஒன்று இருக்கிறது. இந்தச் சுடுவுக்கும் சூட்டுக்கும் தொடர்பில்லை, மலாயில் அது கரண்டி. ஓடு கரண்டி போல நீண்டு குழிந்திருப்பதால் அந்தப் பெயர். குப்பாங் என்பதும் இதுவே. பச்சை விளிம்புள்ள இரட்டை ஓடு, கடலில் நட்ட கம்பத்திலும் கயிற்றிலும் கொத்துக் கொத்தாகப் பற்றிக்கொண்டு வளரும். பற்றுவது ஓடு அல்ல. உள்ளேயிருந்து பசைபோல ஒன்று சுரந்து, நீரில் இறுகி நார் ஆகிறது. சமைக்குமுன் பிடுங்கி எறிகிறோமே, தாடி போன்ற அந்தப் பழுப்பு நார்தான் அது. கேரளக் கரையில் இதைக் கல்லும்மக்காய் என்கிறார்கள். கல்லின் மேல் காய்த்த காய்! ஓட்டைப் பார்த்தவர் கரண்டி என்றார், பிடிப்பைப் பார்த்தவர் காய் என்றார்.

சரி, தமிழில் எப்படி எழுதுவது? ஊர்ப்பெயரை விளக்கும்போது நத்தையாறு என்பேன். சிப்புட் செடுட்டும் நத்தைதான். சிப்புட் சுடுவுக்கு மட்டும் சிப்பி பொருந்தும். பற்றி வளர்வதால் 'ஒட்டுச்சிப்பி' என்று நான் எழுதி வருகிறேன். சந்தையில் கேட்கும்போது குப்பாங் என்றே கேளுங்கள், உடனே எடுத்துத் தருவார்கள்.