பாலட்: கதைப்பாடலா, சிந்தா?

'பாலட்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது? பாலட் என்றால் ஒரு நிகழ்ச்சியைக் கதையாகச் சொல்லிப் பாடும் பாட்டு. லத்தீனில் 'பல்லாரே' என்றால் ஆடுதல். தென் பிரான்சின் பழைய மொழியில் 'பலாடா' ஆட்டத்துக்கான பாட்டு. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. 'பாலே' நடனத்துக்கும் அதே வேர்தான். அப்புறம் ஆட்டம் கழன்றுபோய்க் கதை மட்டும் தங்கிவிட்டது. அச்சு வந்த பிறகு தூக்குத் தண்டனை, தீ, கப்பல் மூழ்கியது என எது நடந்தாலும் ஒற்றைத் தாளில் அடித்துத் தெருவில் பாடி விற்றார்கள்.

அகராதிகள் இதற்குக் 'கதைப்பாடல்' என்கின்றன. சரிதான். மதுரைவீரன் கதை கதைப்பாடல். 1764இல் மதுரையில் தூக்கிலிடப்பட்ட, கான்சாகிபு எனப்பட்ட படைத்தலைவர் யூசுப்கானைப் பாடும் 'கான்சாகிபு சண்டை'யும் கதைப்பாடல். ஆனால் அவை நெடுங்கதைகள். நேற்று மூழ்கிய கப்பலை இன்று பாடும் பாட்டுக்கு அந்தப் பெயர் ஒட்டவில்லை.

அதற்கு நம்மிடம் 'சிந்து' இருக்கிறது. யாப்பில் நாற்சீர் அளவடிக்குக் குறைந்த முச்சீரடி சிந்தடி. குறுமைதான் சொல்லின் அடிப்பொருள். பிறகு அது இசைப்பாட்டு வகைக்குப் பெயரானது. கொலை நடந்தால் கொலைச் சிந்து, வெள்ளம் வந்தால் வெள்ளச் சிந்து. அந்தக் காலத்தில் மதுரைப் பக்கத்துச் சந்தையிலும் பேருந்து நிலையத்திலும் 'டேப்' என்ற தோல் கருவியைத் தட்டிப் பாடி, மட்டத் தாளில் அச்சான சிறு புத்தகத்தைச் சில காசுக்கு விற்பார்கள். பாட்டின் தலையில் 'தெம்மாங்கு மெட்டு' என்றோ 'ஆனந்தக்களிப்பு மெட்டு' என்றோ போட்டிருக்கும். உள்ளே ஊர், தேதி, கிழமை, செத்தவர் பெயர், அவர் விட்டுப்போன பிள்ளைகள். வாங்கியவர் வீட்டுக்குப் போய்த் தானே பாடிக்கொள்ளலாம்.

இதே குணம் உள்ள ஒரு பாட்டு வட அமெரிக்காவில் உண்டு. 1975 நவம்பர் 10 அன்று, இரும்புத்தாது ஏற்றிய 'எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட்' கப்பல் சுப்பீரியர் ஏரியில் புயலில் மூழ்கியது. 29 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அடுத்த ஆண்டே கனடாப் பாடகர் கோர்டன் லைட்ஃபுட் அதைப் பற்றிய பாட்டை வெளியிட்டார். சரக்கின் எடையும் வருகிறது, மணி நேரமும் வருகிறது. இரவு 7 மணிக்குச் சரக்கறையின் மூடி உடைந்ததாக ஒரு வரி. மூடியை ஊழியர்கள் சரியாக இறுக்கவில்லை என்ற பழி அந்த வரியில் ஒட்டிக்கொண்டிருந்தது. தப்பு அவர்கள் மேல் இல்லை என்று ஓர் ஆவணப்படம் வாதிட்டதும், 2010 முதல் மேடையில் அந்த இடத்தை 'இருட்டிவிட்டது' என்று மாற்றிப் பாடினார். செத்தவர்களின் குடும்பங்கள் கேட்கிற பாட்டு அது, மாற்றியதுதான் நியாயம்.

ஆகவே இவ்வகைப் பாட்டைக் 'கப்பல் விபத்துச் சிந்து' என்று எழுதலாம். கடல் இல்லாத மதுரையிலும் "கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே" என்கிறோமே, சொல் யாருக்கும் அந்நியமாக இராது. இதை ஒப்பாரி என்பது பொருந்தாது. ஒப்பாரி செத்தவரை விளித்து அழுவது, சிந்து ஊருக்குச் சேதி சொல்வது. மாலுமிகள் வேலைக்குப் பாடும் 'ஷாண்டி'யும் வேறு. அதற்கு, வலை இழுக்கும்போது நம் கடற்கரையில் பாடுகிற 'அம்பா'தான் சரியான சொல்.