உற்சாகமா, கிளர்த்தலா?

மதுரையில் ஒரு மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில், பக்கவாதம் கண்டவர்களின் வீட்டாருக்கென்று அச்சிட்ட துண்டறிக்கையைப் படிக்க நேர்ந்தது. ‘உற்சாகமூட்டும் சமிக்ஞைகள் மிகுந்தால் மூளை நரம்பணுக்கள் இறக்கும்’ என்றிருந்தது. பக்கத்திலிருந்த பெரியவர் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு மகளிடம், “ஏத்தா, அப்ப உங்கம்மாவச் சிரிக்க வைக்கக் கூடாதாமா?” என்று கேட்டார். இந்த மொழிபெயர்ப்பை நான் காண்பது முதன்முறையன்று.

‘உற்சாகமூட்டும்’ என்பதன் ஆங்கில மூலச்சொல் ‘எக்ஸைட்டேட்டரி’. அசைத்து எழுப்புதல் என்பதே அதன் இலத்தீன் வேரின் பொருள். மகிழ்ச்சிக்கு அதில் இடமில்லை. ஓய்விலிருக்கும் நரம்பணுவின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் எதிர்மின் நிலையில் இருக்கும். அந்த வேறுபாட்டைக் குறைத்து அணுவை எழுப்புவதே இச்சொல் குறிக்கும் வேலை. உடலசைவுக்கு ஆணையிடும் மூளைப் பகுதியான இயக்கப் புறணியில், 1874இல் உடற்கூறியலாளர் பெட்ஸ் விவரித்த பெரிய நரம்பணுக்களும் இப்படித்தான் எழுப்பப்படுகின்றன. குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் வந்து ஒட்டியதும், நரம்பணுவின் மேற்பரப்பில் வாயில்போல் இருக்கும் ‘ஆம்பா’ என்ற ஏற்பி திறந்து, சோடியத்தைச் சில மில்லிநொடிகளில் உள்ளே விடுகிறது. ‘என்எம்டிஏ’ என்ற இன்னோர் ஏற்பியின் வாயிலையோ மக்னீசியம் அடைத்து நிற்கும். ஆம்பா ஏற்பி அணுவை ஓரளவு எழுப்பிய பிறகே மக்னீசியம் விலகிக் கால்சியத்துக்கு வழிவிடும். பக்கவாதத்தில் குளூட்டமேட் தேங்கி, அந்தக் கால்சியம் அளவு மீறுவதால் அணு சாகிறது. ஆக, துண்டறிக்கையின் செய்தி சரி, சொல்தான் தவறு.

‘கிளர்ச்சியூட்டும்’ என்பாரும் உளர். செய்தித்தாள் படிப்பவருக்குக் கிளர்ச்சி என்றால் போராட்டம், அல்லது வேறொன்று. ‘தூண்டும்’ தெளிவான சொல்தான். ஆனால் தூண்டல், துலங்கல் என்று பாடநூல்கள் அதைப் புறத்தூண்டலுக்கு முன்பே ஒதுக்கிவிட்டன. என் தேர்வு ‘கிளர்த்தும்’. மாட்டுத்தாவணியில் நடத்துநர் “வண்டியக் கெளப்புப்பா” என்கிறாரே, அதற்கு உறவான சொல். நின்றதை எழுப்பி நகர்த்துதல் என்ற பொருள் எவருக்கும் புரியும். ‘உற்சாகமூட்டும் வேதிப்பொருள்’ என எழுதுவோருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: கிளர்த்துவதா அடக்குவதா என்பதைத் தீர்மானிப்பது வேதிப்பொருளன்று, ஏற்பி. எலும்புத் தசையைச் சுருங்கச் செய்யும் அசிட்டைல்கோலின் என்ற அதே வேதிப்பொருள், இதயத்தில் வேறோர் ஏற்பியில் ஒட்டித் துடிப்பைக் குறைக்கிறது.

எதிர்ச்சொல்லை நினையாமல் சொல்லாக்கினால் என்ன ஆகும் என்பதற்கும் அத்துண்டறிக்கையே சான்று: அடக்கும் சமிக்ஞைக்கு அதன் மறுபக்கத்தில் இட்டிருந்த பெயர் ‘சோர்வூட்டும் சமிக்ஞை’.