சிறிய கணினி கேபினெட் வாங்கும் முன் எடுக்க வேண்டிய அளவுகள்

மேசையில் இடம் மிச்சமாகட்டும் என்று கணினியின் பாகங்களை அடக்கும் பெட்டியான கேபினெட்டைச் சிறியதாக முதலில் வாங்கிவிட்டு, உள்ளே வைக்க வேண்டியவற்றைப் பிறகு தேடுவோர் பலர். சூடாகித் தானாக அணைந்துவிடுகிறது என்று சர்வீஸுக்கு வரும் சிறிய கணினிகள் சிலவற்றைத் திறந்து பார்த்தால் எந்தப் பாகமும் பழுதாகியிருப்பதில்லை. காற்று நுழைய வழியில்லாமல் அடைத்து வைத்திருப்பதே கோளாறாக இருக்கிறது.

2001ஆம் ஆண்டு தைவானின் வியா நிறுவனம் அறிமுகப்படுத்திய மினி-ஐடிஎக்ஸ் வகை மதர்போர்டு (பாகங்கள் பொருந்தும் தாய்ப்பலகை) 170 மில்லிமீட்டர் சதுரம்தான் என்பதால், அது பெரும்பாலான சிறிய கேபினெட்டுகளில் எளிதில் அமர்ந்துவிடும். சிக்கல் அதன்மேல் நின்று பிராசசரைக் குளிர்விக்கும் கூலரிலிருந்து தொடங்குகிறது. 120 மில்லிமீட்டர் விசிறி கொண்ட டவர் கூலர்கள் பல ஏறத்தாழ 155 மில்லிமீட்டர் உயரம் வரும். ஏழெட்டு லிட்டர் கொள்ளளவுள்ள கேபினெட்டுகளிலோ கூலருக்கு 50 மில்லிமீட்டர்கூடக் கிடைக்காமல் போகலாம். அந்த உயரத்துக்குள் அடங்கும் தட்டையான கூலரைக் கொண்டு 65 வாட் பிராசசரைச் சமாளிக்கலாம். 125 வாட் பிராசசரை அதன்கீழ் வைத்துவிட்டு முழு வேகத்தை எதிர்பார்ப்பது வீண். ஆகவே விளம்பரத்தில் பெரிதாக எழுதியிருக்கும் லிட்டர் கணக்கைவிட, விவரப் பட்டியலில் பொடி எழுத்தில் இருக்கும் கூலர் உயரத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

கிராபிக்ஸ் கார்டுக்கு நீளம் மட்டும் பார்த்தால் போதாது. 18.25 லிட்டர் கொண்ட கூலர் மாஸ்டர் என்ஆர்200 போன்ற கேபினெட் 330 மில்லிமீட்டர் நீளக் கார்டை ஏற்கும். ஆனால் கார்டின் தடிமனையும், அதன் மின்கேபிள் வளைவதற்கு வேண்டிய இடத்தையும் தனியாகக் கூட்டிப் பார்க்க வேண்டும். கார்டுக்கு மின்சாரம் தரும் புதிய 16 முனை இணைப்பியில் கேபிளை முனையை ஒட்டியே மடக்கினால் தொடர்பு தளர்ந்து, இணைப்பி உருகும் அபாயம் உண்டு.

பாகங்களுக்கு மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் எஸ்எஃப்எக்ஸ் என்ற சிறிய வகையையே பரிந்துரைப்பேன். வழக்கமான ஏடிஎக்ஸ் வகை 150 மில்லிமீட்டர் அகலமும் 86 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது; எஸ்எஃப்எக்ஸ் 125 மில்லிமீட்டர் அகலத்திலும் 63.5 மில்லிமீட்டர் உயரத்திலும் அடங்கிவிடுகிறது. விலை கூடுதல்தான், ஆனால் மிச்சமாகும் இடம் காற்றுக்குக் கிடைக்கிறது.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் கொள்ள வேண்டும். அறையின் வெப்பம் 25 டிகிரியிலிருந்து 38 டிகிரிக்கு உயர்ந்தால், அதே வேலைக்கு உள்ளிருக்கும் பாகங்களின் வெப்பமும் ஏறத்தாழ அந்த 13 டிகிரியளவு உயரும். குளிரூட்டிய அறையில் சோதித்துச் சொன்ன எண்களை நம்பி, பக்கவாட்டில் கண்ணாடி மூடிய கேபினெட்டை வாங்குவது சரியன்று. வலைத்துளைப் பலகையும், கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டியும் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

கார்டை மதர்போர்டின் முதுகுப் பக்கம் வைக்கும் கேபினெட்டுகளில், கார்டையும் மதர்போர்டையும் இணைக்கும் ரைசர் கேபிள் எந்தத் தலைமுறையைச் சேர்ந்தது என்று கேட்டு வாங்குங்கள். பிசிஐஇ என்ற இணைப்பு முறையின் மூன்றாம் தலைமுறை ரைசரில் நான்காம் தலைமுறைக் கார்டைப் பொருத்தினால் சில வேளைகளில் திரையே வராது. அப்போது பிராசசரிலேயே உள்ள டிஸ்ப்ளே வசதியின் வழியாகவோ வேறொரு பழைய கார்டைக் கொண்டோ மதர்போர்டின் அமைப்புகளை மாற்றும் பயாஸுக்குள் சென்று, அந்த ஸ்லாட்டின் வேகத்தை மூன்றாம் தலைமுறைக்கு மாற்றி வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.