பிளக் பொருந்தினால் போதாது, வாட்டைப் பாருங்கள்

பெங்களூரில் குளிர் ஆரம்பித்தாலே எலக்ட்ரீஷியன்களான எங்களுக்கு இதே வேலைதான். இந்த வாரம் ஸ்ரீராம்புரத்தில் ஒரு வாடகை வீடு. சின்ன மூன்று பின் சாக்கெட்டில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதில் 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பும் 1500 வாட் கெட்டிலும். சாக்கெட்டில் ஒரு துளையைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறி உள்வாங்கியிருந்தது. போர்டைக் கழற்றிப் பார்த்தால், திருகுக்குப் பக்கத்தில் ஒயரின் மேலுறை விரல் நீளத்துக்குக் கருகி, தொட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அந்த வீட்டு அக்கா கேட்கிறார், "வீட்டுக்கு வர்றதும் 230 வோல்ட், அடுப்புல போட்டிருக்கிறதும் 230 வோல்ட், அப்புறம் எப்படிண்ணா கருகும்?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். வோல்ட் பொருந்தினால் அடுப்பு சரியாக வேலை செய்யும், அவ்வளவுதான். ஒயரும் சாக்கெட்டும் தாங்குமா என்பது ஆம்பியரில், அதாவது ஒயரில் ஓடும் கரண்டின் அளவில் இருக்கிறது. மொபைல் சார்ஜருக்கும் 230 வோல்ட்தான், கீசருக்கும் 230 வோல்ட்தான். இரண்டும் ஒயரில் இழுக்கிற கரண்ட் ஒன்றா? வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். வீட்டில் வோல்ட் 230 என்று நின்றுவிடுவதால், வாட் கூடக் கூட ஆம்பியர்தான் கூடியாக வேண்டும், வேறு வழியே இல்லை. சாதனத்தின் அடியில் ஒட்டியிருக்கும் வாட்டை 230-ஆல் வகுத்துப் பாருங்கள். அடுப்பு 8.7 ஆம்பியர், கெட்டில் 6.5, சேர்த்தால் 15.2. சின்ன சாக்கெட் தாங்குவது 6 ஆம்பியர், அதாவது 1380 வாட். பெரிய சாக்கெட் 16 ஆம்பியர், 3680 வாட்.

6-க்கு பதில் 15 போனால் சூடு இரண்டரை மடங்குதானே என்று நினைக்க வேண்டாம். ஆம்பியர் இரண்டு மடங்கானால் ஒயரில் சூடு நான்கு மடங்கு. இந்த வீட்டில் ஆறு மடங்குக்கும் மேல். திருகு லூசாக இருந்தால் அந்த ஒரு புள்ளியில் இன்னும் மோசம். (சமையலறையில் மீனே வாங்காத நாளில் போர்டுப் பக்கம் மீன் வாடை அடித்தால், உடனே மெயினை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். பிளக், சாக்கெட் பிளாஸ்டிக் சூடேறினால் அந்த வாடை வருவதுண்டு.)

இதைவிட எரிச்சல் தந்தது எம்சிபி, அதாவது கரண்ட் அளவு மீறினால் தானாக விழுந்து லைனை அணைக்கும் சுவிட்ச். முன்பு 10 ஆம்பியர் இருந்திருக்கிறது, அடிக்கடி விழுகிறதென்று யாரோ 32 போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். எம்சிபி இருப்பது உங்கள் அடுப்பைக் காப்பாற்ற அல்ல, சுவருக்குள் போகும் ஒயரைக் காப்பாற்ற. விழுந்தால் அது தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். 15 ஆம்பியருக்கு 32 எப்படி விழும்? விழாது, ஒயர்தான் கருகும். தொழில் தெரிந்தவன் எவனும் ஒயரை மாற்றாமல் எம்சிபியை மட்டும் பெரிதாக்க மாட்டான். அப்படிச் செய்ய வருகிறவரை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள்.

பெரிய பிளக்கைச் சின்ன சாக்கெட்டில் சொருக விற்கிறார்களே கன்வர்ஷன் பிளக், அதைத் தூக்கிப் போடுங்கள். கீசர், இண்டக்‌ஷன் எதையும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கும்போது கையில் சுட்டால் அந்த சாக்கெட்டை அன்றோடு விட்டுவிடுங்கள்.

வாடகைக்கு இருப்பவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன், ஓனரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயரில் தனி லைன், 16 ஆம்பியர் சாக்கெட், அதற்கு 16 ஆம்பியர் எம்சிபி. பெரிய செலவில்லை, அரைநாள் வேலை. அது வரும்வரை சமையல் கேஸிலேயே நடக்கட்டும். கெட்டில் வேண்டுமென்றால் 1000 வாட்டுக்குள் இருப்பதாகப் பார்த்து வாங்கி, சுவர் சாக்கெட்டில் தனியாகப் போடுங்கள்.